அந்த நீல வெளிச்சமும் எங்கட மண்டையோட்டுப் பலகையும்

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது செய்யக்கூடாத வேலைகள் என்று ஒரு பட்டியல் போட்டால், இரவு ஒரு மணிக்கு அணு உலை வீடியோ பார்ப்பது அதில் கட்டாயம் வரும். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

ஹொஸ்டல் அறையில் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் கலைப்பீடம். ஒருத்தி மொழியியல், ஒருத்தி புவியியல், மற்ற இரண்டு பேரும் தமிழ். சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த ஆக்கள். அன்றைக்கு யூரியூப் தானாகக் கொண்டுவந்து போட்ட வீடியோ அது. போனைத் தலகணியில் சாய்த்து வைத்து, நாலு தலையையும் ஒன்றாய்க் குவித்துப் பார்த்தோம்.

கிணறு மாதிரி ஆழமான ஒரு தண்ணீர்த் தொட்டி. மேலிருந்து குனிந்து பார்ப்பதுபோல கமரா. அடியில் கம்பிகளும் குழாய்களும். ஒருவர் இறங்குவரிசையில் எண்ணுகிறார். 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் தொட்டியின் அடி முழுக்க நீலம் பொங்கி, மெல்ல மெல்ல அடங்குகிறது. வானத்தின் நீலமும் இல்லை, கடலின் நீலமும் இல்லை. காஸ் அடுப்புச் சுவாலையைத் தண்ணீரில் கரைத்துவிட்ட மாதிரி ஒரு நீலம்.

"என்ன வடிவு!"

"வடிவோ? உது கதிர்வீச்சு. பாத்தாலே கண் அவிஞ்சிடும்."

"போனிலை பாத்தா ஒண்டும் செய்யாது."

"அப்ப வீடியோ எடுத்த ஆள்?"

அதற்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்த மனிசன் உயிரோடு இருக்கிறாரா என்ற கவலையோடேயே படுத்தோம்.

அடுத்த நாள் கன்ரீனில், மேல் மாடியில் இருக்கிற பௌதிகவியல் அக்காவைப் பிடித்தோம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவ சிரித்தா. "வீடியோ எடுத்தவர் பின்னேரம் வீட்டை போய் வடிவாச் சாப்பிட்டிருப்பார். ஒண்டும் ஆகியிருக்காது."

"அப்ப அந்த வெளிச்சம்?"

"கணக்கோட சொல்லவோ, கணக்கில்லாமல் சொல்லவோ?"

"கணக்கில்லாமல்!" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

அவ பிளேன்ரீயில் விரலைத் தொட்டு மேசையில் ஒரு கோடு கீறினா. பண்ணைக் கடலில் போட் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டா. மெதுவாகத் தண்டு வலித்துப் போகிற வள்ளத்தின் அலைகள் அதற்கு முன்னாலும் பின்னாலும் பரவிப் போய்விடும். இஞ்சின் போட்ட போட் அப்படியில்லை. தான் எழுப்புகிற அலையைவிட வேகமாக அது ஓடுகிறது. அலைகள் விலகிப் போக நேரமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாய்க் குவிந்து, போட்டுக்குப் பின்னால் கூரைவளை மாதிரி இரண்டு பக்கமும் விரிகிற ஒரு பேரலையாகிவிடும். அந்த நீலமும் அப்படி ஒரு அலைதானாம். ஆனால் தண்ணீரின் அலை அல்ல, ஒளியின் அலை.

ஒளியை எதுவும் முந்தாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே என்று கேட்டோம். அது வெற்றிடத்தில், என்றா. வெற்றிடத்தில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் போகும். தண்ணீருக்குள் அதற்கே வேகம் குறைந்துவிடும். கிட்டத்தட்ட 225,000 கிலோமீற்றர்தான். அணு உலைக்குள்ளிருந்து வரும் காமாக் கதிர்கள் தண்ணீரில் இருக்கிற இலத்திரன்களை உதைத்துத் தள்ளும். அப்படி உதைபட்ட சில இலத்திரன்கள், தண்ணீருக்குள் ஒளி போகிற வேகத்தைவிட வேகமாக ஓடும். அவை போகிற வழியில் குவிகிற ஒளிதான் அந்த வெளிச்சம். அதில் நீலமும் ஊதாவும்தான் அதிகம். எங்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா இன்னும் நிறைய இருக்குமாம்.

அதற்குப் பெயர் செரென்கோவ் கதிர்வீச்சு. பாவெல் செரென்கோவ் என்ற இளம் ரஷ்ய ஆய்வாளர் 1934இல் அதை அறிவித்தார். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் செர்கேய் வவிலொவ். ரேடியத்தின் கதிர்கள் திரவங்களில் எழுப்புகிற அந்த வெளிச்சம் மிகவும் மங்கல். அதைப் பார்ப்பதற்காக செரென்கோவ் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முழு இருட்டில் இருந்து கண்ணைப் பழக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாராம். இகோர் டாம், இல்யா ஃபிராங்க் என்ற இருவர் 1937இல் அதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். 1958இல் மூன்று பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. வவிலொவ் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இந்தக் கதையில் எங்களுக்குத் தைத்தது வேறு ஒரு விசயம். ரேடியக் கரைசல் இருந்த போத்தல்களில் மங்கலான நீல வெளிச்சத்தை மேரி கியூரி முன்னமே கண்டிருக்கிறார். அவருக்கு அது ஒரு அழகான காட்சி. செரென்கோவ் தன் கண்டுபிடிப்பை அறிவித்த அதே 1934இல், ஜூலை மாதம், கியூரி இரத்தம் சம்பந்தமான நோயால் இறந்தார். வாழ்நாள் முழுக்கக் கதிர்வீச்சோடு பழகியதால் வந்த நோய் அது. பாரிஸில் இருக்கிற அவருடைய குறிப்புப் புத்தகங்களில் இன்றைக்கும் கதிரியக்கம் இருப்பதால் அவற்றை ஈயம் பூசிய பெட்டிகளில்தான் வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் முதல் அதை அறிந்தவவுக்கே அது என்ன செய்யும் என்பது முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

நாங்கள் அதுவரை நினைத்திருந்தது இதுதான்: வெளிச்சம் கூடக்கூட ஆபத்தும் கூடும்; அந்தத் தொட்டிக்குக் கிட்டப் போனாலே செத்தோம். அக்கா அதைத் தலைகீழாக்கினா. அந்த நீலம் வெறும் வெளிச்சம். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத காமாவிலும் நியூத்திரனிலும் இருக்கிறது. அவற்றைத் தடுப்பது அந்தத் தண்ணீர். காமாவின் சக்தியைப் பொறுத்து, ஏறத்தாழ 7 முதல் 10 சென்ரிமீற்றர் தண்ணீரைக் கடக்கும்போது அதன் அளவு பாதியாகும். இன்னொரு 10 சென்ரிமீற்றர் போனால் அந்தப் பாதியிலும் பாதி. பத்துத் தரம் பாதியாக்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது தரம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பாவித்த எரிபொருளை வைக்கிற தொட்டிகளில் எரிபொருளுக்கு மேல் பல மீற்றர் தண்ணீர் நிற்கும். அதனால்தான் கரையில் நின்று குனிந்து பார்க்கலாம். சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்கள் அந்த நீலத்தைப் பார்க்கவென்றே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். தொட்டியில் எரிபொருள் சொன்ன இடத்தில் சொன்னபடி இருக்கிறதா, ஆராவது எடுத்துவிட்டு டம்மியை வைத்திருக்கிறார்களா என்று அந்த வெளிச்சத்தை வைத்தே பார்ப்பார்களாம்.

"நீலம் தெரியுது எண்டா தண்ணி இருக்கு எண்டு அர்த்தம்" என்றா அக்கா. "பயப்பிடவேண்டியது தண்ணி போகேக்க. அப்ப நீலமும் இருக்காது."

2011 மார்ச்சில் ஃபுக்குஷிமாவில் ஹெலிகொப்டரில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்களே, அதற்குக் காரணமும் இந்தப் பயம்தான். எரிபொருள் தொட்டிகளில் தண்ணீர் வற்றிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

கதிர்வீச்சோடு வேலை செய்கிற ஆக்களுக்கு மூன்று சொல் மந்திரம் மாதிரி என்றும் சொன்னா: நேரம், தூரம், மறைப்பு. கிட்ட நிற்கிற நேரத்தைக் குறை. தூரத்தைக் கூட்டு, ஒரு சின்னப் பொருளிலிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் வாங்குகிற அளவு நாலில் ஒன்றாகிவிடும். நடுவில் தண்ணீர், கொங்கிறீற், ஈயம் என்று ஏதாவது வை. கொஞ்ச இலக்கங்களும் தந்தா. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் மனிசருக்கு இயற்கையாகக் கிடைப்பது உலக சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லிசீவேர்ட். நெஞ்சு எக்ஸ்றே ஒன்றுக்கு 0.1 அல்லது அதிலும் குறைவு. இத்துறையில் வேலை செய்வோருக்கான எல்லை, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20. பொதுமக்களுக்கு, இயற்கையாக வருவதையும் மருத்துவத்தில் வாங்குவதையும் விட்டுவிட்டு, வருடத்துக்கு 1.

அறைக்குத் திரும்பும்போது எங்களுக்கு மனது லேசாக இருந்தது. அந்த நீலத்தை இனிப் பயமில்லாமல் ரசிக்கலாம் போலிருந்தது. பிறகு, நீல வெளிச்சம் பற்றி இன்னும் தேடிக்கொண்டு போகையில், பிரேசிலில் இருக்கிற கோயானியா என்ற நகரத்தில் போய் நின்றோம். அங்கே பார்த்த நீலத்துக்கு மேலே தண்ணீர் இருக்கவில்லை.

கோயானியாவில் ஒரு தனியார் கதிர்ச் சிகிச்சை நிலையம் இருந்தது. 1985இன் கடைசியில் அது வேறு இடத்துக்கு மாறியது. போகும்போது புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பாவித்த ஒரு மெஷினைப் பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அனுமதி கொடுத்த அதிகாரிகளுக்கும் அறிவிக்கவில்லை. அந்த மெஷினுக்குள் இருந்தது சீசியம் 137. வெறும் 93 கிராம் தூள். ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் பாதிகூட வராது. கட்டடத்தைப் பாதி இடித்து அப்படியே விட்டார்கள்.

1987 செப்டெம்பர் 13ஆம் திகதி இரண்டு பேர் அங்கே போனார்கள். பழைய இரும்புக்கு விற்கலாம் என்று மெஷினின் தலைப்பாகத்தைக் கழற்றி, ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே இரண்டு பேருக்கும் சத்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். அடுத்த நாட்களில் அதைக் குத்தி, நெம்பி, உள்ளே இருந்த குப்பியில் ஓட்டை போட்டார்கள். 18ஆம் திகதி பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவருக்கு விற்றார்கள். அன்றிரவு அவர் கராஜுக்குள் போனபோது அந்த ஓட்டைக்குள்ளிருந்து நீல வெளிச்சம் வருவதைக் கண்டார். (அது செரென்கோவ் வெளிச்சமா, வேறு வகை ஒளிர்வா என்பது பற்றி நிபுணர்கள் பிறகு பல விதமாக யோசித்தார்கள். அவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?)

விலைமதிப்பான ஏதோ ஒன்று என்று நினைத்து அதை வீட்டுக்குள் கொண்டுபோனார். சொந்தக்காரரையும் அயலவரையும் கூப்பிட்டுக் காட்டினார். அரிசி மணியளவு துண்டுகளை ஆசையாக எடுத்துக் கொடுத்தார். சிலர் அந்தத் தூளைத் திருவிழா மினுக்கல் மாதிரி உடம்பில் பூசிக்கொண்டார்கள். அவருடைய தம்பி கொஞ்சத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய மகளுக்கு ஆறு வயது. அந்தப் பிள்ளை அதோடு விளையாடிவிட்டு, தூள் பட்ட கையோடேயே சாப்பிட்டது.

இங்கே ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். எக்ஸ்றே எடுத்தால் அந்தக் கதிர் உடம்பை ஊடுருவிப் போய்விடும். உள்ளே ஒன்றும் தங்காது. லைற்றை நிப்பாட்டினால் அறையில் வெளிச்சம் மிஞ்சாத மாதிரி. கோயானியாவில் நடந்தது வேறு. கதிர் விடுகிற பொருளே தூளாகி ஆட்களின் கையில், உடுப்பில், சாப்பாட்டில், காசுத்தாளில் ஒட்டிக்கொண்டது. லைற்றையே விழுங்கிவிட்ட மாதிரி. நேரம், தூரம், மறைப்பு மூன்றும் ஒரேயடியாகப் போய்விட்டன.

அந்த வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வருத்தம் வந்தது. இதற்கும் அந்த வெளிச்சத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட்டவ கடைக்காரரின் மனைவி. வைத்தியரில்லை, விஞ்ஞானியுமில்லை. செப்டெம்பர் 28ஆம் திகதி, கடையில் வேலை செய்த ஒருவரோடு சேர்ந்து, மிச்சமிருந்ததை ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் ஏறிப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனா. இதுதான் தன் வீட்டுக்காரரைக் கொல்கிறது என்று அங்கே சொன்னா. அடுத்த நாள் ஒரு பௌதிகவியலாளர் கருவியோடு அளக்க வந்தார். அலுவலகத்துக்குக் கிட்டப் போக முதலே முள் கடைசிக்குப் போய்விட்டது. கருவி பழுது என்று நினைத்துத் திரும்பிப் போய் இன்னொன்றை எடுத்துவந்தார். அதிலும் அதே கதை.

112,000க்கு மேற்பட்டவர்களை ஒரு விளையாட்டரங்கில் வரிசையில் விட்டுப் பரிசோதித்தார்கள். 249 பேரில் சீசியம் ஒட்டியிருந்தது. நாலு பேர் இறந்தார்கள்: கடையில் வேலை செய்த இரண்டு இளம் பெடியள், அந்த ஆறு வயதுப் பிள்ளை, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போன மனைவி. பிள்ளையை ஈயம் பதித்த பெட்டியில் வைத்துப் புதைக்கக் கொண்டுபோனபோது, எங்கட சுடலைக்குள் கொண்டுவராதே என்று ஊர்ச்சனம் கல்லெறிந்தது. அறியாமல் தொட்டவர்கள் ஒரு பக்கம். அறியாமல் கல்லெறிந்தவர்கள் மறுபக்கம்.

இதை நாங்கள் மாறி மாறிச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தோம். 'பழைய இரும்பு' என்ற சொல் வந்த இடத்திலேயே எங்களில் ஒருத்தி அமைதியாகிவிட்டாள். வாசித்து முடித்த பிறகுதான் அவள் கதைத்தாள்.

எங்களில் இரண்டு பேர் வன்னி. 2010, 2011இல் மீள்குடியேறிப் போனபோது எட்டு வயது. அப்போது ஊர் முழுக்க இரும்பு. எரிந்த வாகனங்கள், தகரங்கள், கோதுகள். பழைய இரும்பு எடுக்கிற ஆக்கள் சைக்கிளிலும் லான்ட்மாஸ்ரரிலும் ஒவ்வொரு நாளும் வருவார்கள். இரும்பைவிடப் பித்தளைக்கு விலை கூட. வீட்டில் வருமானம் இல்லாத காலம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெடியள் உரபையோடு பற்றைக்குள் இறங்கிவிடுவார்கள்.

ஒரு நாள் அவளுடைய அண்ணா உரபைக்குள் எதையோ போட்டுக்கொண்டு வந்து குசினி வாசலில் கொட்டினானாம். ஆணி, கம்பி, தகரத்துண்டு, அதற்குள் உருண்டையாய், மினுங்குகிற ஒன்று. அம்மா அடுப்படியில். அதற்கு முந்தின கிழமைதான் மிதிவெடி விழிப்புணர்வு ஆக்கள் அவளுடைய வகுப்புக்கு வந்து படங்கள் காட்டியிருந்தார்கள். தொடாதே, எடுக்காதே, பெரியாக்களுக்குச் சொல்லு என்று எல்லாரையும் எழுப்பி நிற்பாட்டிச் சொல்ல வைத்திருந்தார்கள். "அம்மா, உது படத்திலை இருந்தது" என்று அவள் கத்தியிருக்கிறாள். எல்லாரும் வீட்டை விட்டு ஓடி, கிராமசேவகரிடம் சொல்லி, பிறகு கண்ணிவெடி அகற்றுகிற ஆக்கள் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணாவுக்கு நல்ல அடி. "வித்திருந்தா முன்னூறு ரூபாயாவது வந்திருக்கும்" என்று அவன் இரவு முழுக்க அழுதானாம்.

இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்தும் இந்தக் கதையை அவள் அன்றைக்குத்தான் சொன்னாள்.

கோயானியாப் பிள்ளைக்கு ஆறு வயது, இவளுக்கு எட்டு. இரண்டு வீட்டிலும் ஏதோ மினுங்கியது, இரண்டு வீட்டிலும் அது காசாகும் என்ற நம்பிக்கை இருந்தது. இவள் தப்பியதற்கு அவளுடைய கெட்டித்தனம் காரணமில்லை. ஒரு கிழமைக்கு முதல் ஒருத்தர் அவளுடைய வகுப்புக்கு வந்து, அவளுக்கு விளங்குகிற தமிழில், படம் காட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவ்வளவுதான். கோயானியாவில் அந்த மெஷின் என்னவென்று தெரிந்த ஆக்கள் இருந்தார்கள். தெரிந்தது, தெரியவேண்டிய ஆட்களிடம் போய்ச் சேரவில்லை.

பணக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று சொல்லவும் முடியாது. 1999 செப்டெம்பர் 30ஆம் திகதி ஜப்பானின் டோகாய்முராவில், எரிபொருள் தயாரிக்கிற ஒரு ஆலையில், யுரேனியக் கரைசலை வேலையாட்கள் எவர்சில்வர் வாளியால் தொட்டிக்குள் ஊற்றினார்கள். வேலையைக் கெதியாக முடிப்பதற்காக அங்கே பழக்கமாகிவிட்ட குறுக்கு வழி. ஏழாவது வாளியில் நீல மின்னல். தொட்டிக்குள் சங்கிலித் தாக்கம் தொடங்கிவிட்டது. இரண்டு பேர் மாதக்கணக்கில் வேதனைப்பட்டு இறந்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒன்றாகச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை அவர்களுக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஆழத் தண்ணீருக்கு அடியில் நீலம் தெரிந்தால் அது ஒரு கதை. கண்முன்னால் மின்னினால், அது கண்ணில் படும்போதே எல்லாம் முடிந்திருக்கும். எச்சரிக்கை அதற்கு முதலே வந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் மொழியியல் படிக்கிறவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப இது எங்கட பாடம்" என்றாள்.

மஞ்சளில் கறுப்பாய் மூன்று இதழ் இருக்கிற அந்தக் கதிரியக்கக் குறி 1946இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பிறந்தது. முதலில் நீலத்தில் ஊதாச் சிவப்பாகத்தான் வரைந்தார்களாம். அதில் பயப்பட என்ன இருக்கிறது? படித்தவனுக்குப் பயம். படிக்காதவனுக்கு அது ஒரு ஃபான். கோயானியா போன்ற விபத்துகளுக்குப் பிறகு, சொல்லிக் கொடுக்காமலே விளங்குகிற ஒரு குறி வேண்டும் என்று யோசித்து, 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிப் பார்த்து, 2007இல் புதிய ஒன்றைச் சர்வதேச அணுசக்தி முகவரகம் வெளியிட்டது. சிவப்பு முக்கோணம். மேலே பழைய மூவிதழ், அதிலிருந்து கதிர்கள். கீழே ஒரு மண்டையோடு. பக்கத்தில் ஓடுகிற மனிசன். ஆபத்துக் கூடிய மூலங்களில், ஆரும் கழற்றப் பார்த்தால் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுவதற்கு.

மண்டையோட்டைக் கண்டதும் வன்னிக்காரர் இரண்டு பேரும் ஒன்றாய்ச் சிரித்தார்கள். "எங்கட பலகை!" சிவப்புப் பலகையில் வெள்ளை மண்டையோடு. பள்ளிக்கூடம் போகிற வழியில் எழுத்தைவிட முதல் நாங்கள் வாசித்தது அதைத்தான்.

ஆனால் மண்டையோடும் எவ்வளவு காலத்துக்கு மண்டையோடாக இருக்கும்? அணுக்கழிவு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு ஆபத்தானது. பத்தாயிரம் வருடத்துக்குப் பிறகு வரப்போகிற சனத்துக்கு 'இங்கே தோண்டாதே' என்று எப்படிச் சொல்வது என்று அமெரிக்காவில் 1980களில் ஒரு குழு யோசித்தது. அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் குறியியலாளர் தோமஸ் செபியோக். எந்த மொழியும் எந்தக் குறியும் அவ்வளவு காலம் தாங்காது. அதனால் அந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்துகிற பூசகர் கூட்டம் மாதிரி ஒன்று வேண்டும், மற்றச் சனத்தைச் சடங்காலும் கதையாலும் அந்த இடத்திலிருந்து தள்ளி வைக்கலாம் என்றார் அவர்.

கேட்கப் பகிடியாக இருந்தது. பிறகு யோசித்தால் எங்கட அம்மம்மாக்கள் செய்ததும் இதுதான். இரவில் புளியமரத்துக்குக் கீழே படுக்காதே, பேய் அடிக்கும். ஏன் என்று அம்மம்மாவுக்கும் தெரியாது. அவவின் அம்மம்மாவுக்கும் தெரிந்திருக்காது. காரணம் எங்கேயோ விழுந்துவிட்டது, எச்சரிக்கை மட்டும் நடந்து வந்துவிட்டது. அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. காரணம் தெரியாத எச்சரிக்கையை, இரண்டு புத்தகம் படித்த ஒருவன் வந்து மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழேயே பாயை விரித்துவிடுவான். அப்படிப்பட்ட ஆக்கள் நாங்களும்தான். பயத்தை மட்டும் கடத்தினால் கல்லெறிகிற சனம்தான் மிஞ்சும். காரணத்தையும் சேர்த்துக் கடத்த வேண்டும், அதுவும் கேட்கிறவருடைய மொழியில்.

பரீட்சை முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, எங்களில் ஒருத்தி தன் மச்சாளோடு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மச்சாளுக்குக் காலில் அடி. எக்ஸ்றே அறைக் கதவில் மஞ்சள் மூவிதழ் இருந்தது. அதற்குக் கீழே, கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகமிருந்தால் முன்கூட்டியே சொல்லவும் என்ற அறிவித்தல், ஆங்கிலத்தில் மட்டும். வாங்கில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரும் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எக்ஸ்றே எடுக்கிறவர் நல்ல மனிசன். அவரே வாயால் கேட்டார். கேட்ட பிறகுதான் மச்சாள் விரலை மடித்து நாள் எண்ணினா. காலுக்கு எடுக்கிற ஒரு எக்ஸ்றேயால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, அக்கா தந்த இலக்கங்களிலேயே அது தெரியும். ஆனால் அவர் கேட்க மறந்த நாளில், வயிற்றை எடுக்க வந்த ஒருத்தி அந்த வாங்கில் இருந்திருந்தால்?

அன்றிரவு நாங்கள் நாலு பேரும் ஒரு ஏ4 தாளில் எழுதினோம். முதலில் நீட்டி முழக்கி, பிறகு வெட்டி வெட்டி, கடைசியில் இப்படி வந்தது: "வயிற்றில் பிள்ளை இருக்கலாம் என்று நினைத்தால், உள்ளே வர முதல் எங்களிடம் சொல்லுங்கள். கதிர்கள் பிள்ளையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்." அதே வசனத்தைச் சிங்களத்தில் கீழ் மாடித் தோழி எழுதித் தந்தாள். பக்கத்தில் புவியியல்காரி வயிற்றோடு நிற்கிற ஒரு பெண்ணைக் கீறினாள். அவ்வளவு வடிவில்லை, ஆனால் விளங்கும்.

அடுத்த கிழமை காலைக் காட்டப் போனபோது மச்சாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தா. எக்ஸ்றே எடுக்கிறவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பிள்ளை, மேலை ஒருக்கா கேக்கோணும்" என்று லாச்சிக்குள் வைத்தாராம்.

வாற மாதம் மச்சாளுக்குத் திரும்பவும் கிளினிக். போகேக்க கதவைப் பாக்கோணும்.